எரிமலைகள்: வகைகளும் வெடிப்பின் காரணங்களும்

க.பொ.த. (சாதாரண தரம்) – புவியியல்



எரிமலை என்றதும் செந்நிறக் குழம்பு வழிந்தோடும் காட்சியே உங்கள் மனக்கண்ணில் தோன்றும். விடைத்தாள்களிலும் பலர் “எரிமலைக் குழம்பில் அகப்பட்டு மக்கள் இறப்பர்” என்றே எழுதுகின்றனர். அது உண்மையில் எவ்வளவு பொருந்தும்? பின்வரும் இரண்டு நிகழ்வுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

• 2018ஆம் ஆண்டு ஹவாய்த் தீவின் கிலாவியா எரிமலை மூன்று மாதங்களுக்கு மேலாகக் குழம்பைக் கக்கியது. சுமார் 700 வீடுகள் அழிந்தன. ஆனால் அக்குழம்பினால் ஒருவரும் இறக்கவில்லை.

• 1985ஆம் ஆண்டு கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை ஓர் இரவில் சிறிதளவாகவே வெடித்தது. ஏறத்தாழ 23,000 பேர் இறந்தனர். அவர்களை எரிமலைக் குழம்பு தொடவேயில்லை.

இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை விளங்கிக்கொண்டால் இப்பாடத்தில் பாதியை முடித்துவிட்டீர்கள் எனலாம். எனவே வகைகளின் பெயர்களை மனனம் செய்வதுடன் நின்றுவிடாது, “ஏன்?” என்ற வினாவுடன் தொடர்ந்து வாசியுங்கள்.

1. அடிப்படைச் சொற்கள்

மக்மா: புவியின் உட்பகுதியில் உருகிய நிலையில் காணப்படும் பாறைக்குழம்பு. இதில் உருகிய பாறையுடன் பளிங்குகளும் கரைந்த வாயுக்களும் உள்ளன.

லாவா: மக்மா புவி மேற்பரப்பை அடைந்து, வாயுக்களின் பெரும்பகுதியை இழந்த பின்னர் லாவா எனப்படும்.

மக்மா அறை: எரிமலைக்குக் கீழே மக்மா தேங்கியிருக்கும் இடம்.

எரிமலைக் குழாய், எரிமலை வாய்: மக்மா மேலே வரும் வழி குழாய் ஆகும். அது திறக்கும் கிண்ணம் போன்ற பள்ளம் வாய் ஆகும்.

கல்டெரா: பெரும் வெடிப்பினால் மக்மா அறை வெறுமையாகி, மேற்பகுதி உள்ளே இடிந்து விழுவதால் உண்டாகும் பாரிய பள்ளம். எரிமலை வாயைவிட இது பன்மடங்கு பெரியது.

குறிப்பு: மக்மா, லாவா ஆகிய இரண்டையும் ஒன்றெனக் கொண்டு எழுதாதீர்கள். வாயு உள்ளே இருக்கிறதா, வெளியேறிவிட்டதா என்பதே இங்கு முக்கிய வேறுபாடு. இது பின்னர் உங்களுக்கு உதவும்.

2. வடிவத்தின் அடிப்படையில் எரிமலை வகைகள்

(அ) கேடய எரிமலை

நிலத்தில் கவிழ்த்து வைத்த கேடயம் போன்று அகன்றும் மென்சாய்வாகவும் காணப்படும். இலகுவில் ஓடக்கூடிய லாவா நெடுந்தூரம் பரவிப் படைபடையாகப் படிவதால் இவ்வடிவம் உண்டாகின்றது. உ+ம்: ஹவாயின் மௌனா லோவா (கடல் மட்டத்திலிருந்து 4,169 மீற்றர்), கிலாவியா.

(ஆ) கூட்டு எரிமலை

செங்குத்தான பக்கங்களைக் கொண்ட உயர்ந்த கூம்பு. லாவாப் படைகளும் சாம்பற் படைகளும் மாறி மாறிப் படிவதால் உண்டாகின்றது. உலகில் மிகவும் அழிவை ஏற்படுத்திய எரிமலைகள் பல இவ்வகையைச் சேர்ந்தன. உ+ம்: பியூஜி (ஜப்பான்), வெசூவியஸ் (இத்தாலி), சென் ஹெலன்ஸ் (ஐக்கிய அமெரிக்கா), பினாட்டுபோ (பிலிப்பைன்ஸ்).

(இ) சாம்பற் கூம்பு

எரிமலை வாயிலிருந்து வீசப்படும் தணற்கற்களும் சாம்பலும் சுற்றிவரக் குவிவதால் உண்டாகும் சிறிய கூம்பு. உ+ம்: மெக்சிக்கோவின் பரிக்குற்றின். இது 1943 பெப்ரவரி 20ஆம் திகதி ஒரு சோளத் தோட்டத்தில் நிலம் பிளந்து தோன்றியது. ஓராண்டில் 300 மீற்றருக்கு மேல் உயர்ந்து, 1952இல் ஓய்ந்தது. ஓர் எரிமலையின் பிறப்பு முதல் ஓய்வு வரை அறிஞர்கள் நேரில் கண்டமைக்கு இது சிறந்த உதாரணம்.

(ஈ) பிளவு வழிக் கக்குகை

குழாய் ஒன்றினூடாக அன்றி, நீண்ட பிளவுகளினூடாக லாவா வெளியேறிப் பரவும். கூம்பு உண்டாகாது, மேட்டுநிலம் உண்டாகும். உ+ம்: சுமார் 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் தோன்றிய இந்தியாவின் தக்கண லாவா மேட்டுநிலம்.

உயிர்ப்பின் அடிப்படையில் உயிர்ப்புள்ளவை, உறங்குபவை, அவிந்தவை எனவும் வகுப்பர். பினாட்டுபோ சுமார் 500 ஆண்டுகள் உறங்கிய பின்னரே 1991இல் வெடித்தது. எனவே “உறங்கும் எரிமலை ஆபத்தற்றது” என எழுதுவது தவறு.

3. வெடிப்பைத் தீர்மானிக்கும் காரணிகள்

இது பாடத்தின் மையப்பகுதி. நன்றாகக் கவனியுங்கள்.

வீட்டில் கூழ் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பானையில் வெறும் நீர் கொதிக்கும்போது குமிழிகள் அமைதியாக மேலே வந்து உடைகின்றன. மாவைக் கரைத்து ஊற்றிக் கூழ் தடித்த பின்னர் அதே குமிழிகள் இலகுவில் மேலே வரமாட்டா. உள்ளே பெருத்துத் திடீரென வெடிக்கும். கூழ் தெறித்துக் கையைச் சுடும். நெருப்பு ஒன்றுதான், பானையும் ஒன்றுதான். தடிப்பு மாறியதால் குமிழி உடையும் விதம் மாறிவிட்டது. எரிமலையிலும் இதுவே நடைபெறுகின்றது.

காரணி 1 – சிலிக்காவின் அளவு

மக்மாவில் சிலிக்கா கூடினால் அது தடிக்கும். ஓடுவதற்குத் தயங்கும் இத்தன்மையைப் பிசுக்குமை என்பர். சிலிக்கா குறைந்த மக்மா எண்ணெய் போல ஓடும். கூடிய மக்மா களி போல நகரும்.

காரணி 2 – வெப்பநிலை

வெப்பநிலை கூடினால் பிசுக்குமை குறையும். எனவே “சூடு கூடிய மக்மாவே அதிகம் வெடிக்கும்” என்ற எண்ணம் பிழையானது. மிகச் சூடான ஹவாய் லாவா அமைதியாக ஓடுகின்றது. அதைவிடச் சூடு குறைந்த மக்மாவே பெரும்பாலும் பயங்கரமாக வெடிக்கின்றது.

காரணி 3 – கரைந்துள்ள வாயுக்கள்

நீராவி, காபனீரொட்சைட்டு, கந்தகவீரொட்சைட்டு என்பன மக்மாவில் கரைந்துள்ளன. இவற்றுள் நீராவியே கூடுதலானது. ஆழத்தில் அமுக்கம் அதிகமாதலால் வாயு கரைந்தே இருக்கும். மக்மா மேலெழும்போது அமுக்கம் குறையும். வாயு குமிழிகளாகப் பிரிந்து விரிவடையும். சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தவுடன் நுரை பொங்குவதும் இதனாலேயே.

ஓடக்கூடிய மக்மாவில் இக்குமிழிகள் தப்பிச் செல்லும். தடித்த மக்மாவில் அவை சிறைப்படும். அமுக்கம் எல்லை மீறும்போது மக்மா முழுவதும் துகள்களாகச் சிதறும். நாம் சாம்பல் என்பது விறகுச் சாம்பல் போன்றதன்று. அது நொருங்கிய பாறையும் கண்ணாடித் துகளும் ஆகும்.

காரணி 4 – அடைப்பு

குழாயின் வாயை இறுகிய பாறை அடைத்திருந்தால் அமுக்கம் மேலும் கூடும். 1980இல் சென் ஹெலன்ஸ் எரிமலையின் வடபக்கம் வாரக்கணக்காகப் புடைத்து வந்தது. மே 18ஆம் திகதி காலை நிலநடுக்கம் ஒன்றுடன் அப்பக்கம் சரிந்தது. மூடி அகன்றது போலாகி, வெடிப்பு பக்கவாட்டில் பாய்ந்தது. மலையின் உயரம் சுமார் 400 மீற்றரால் குறைந்தது. 57 பேர் இறந்தனர்.

காரணி 5 – வெளிநீர்

நிலத்தடி நீர், கடல்நீர் அல்லது பனிக்கட்டி மக்மாவின் வெப்பத்துக்கு உட்பட்டால், நீர் கணப்பொழுதில் நீராவியாகிப் பன்மடங்கு விரிவடைந்து வெடிப்பை உண்டாக்கும். 2022 ஜனவரி 15ஆம் திகதி தொங்கா நாட்டின் கடலடி எரிமலையான ஹுங்கா தொங்கா வெடித்தபோது சாம்பல் முகில் சுமார் 57 கிலோமீற்றர் உயரம் வரை சென்றது. 2019இல் நியூசிலாந்தின் வைற் தீவில் ஏற்பட்ட நீராவி வெடிப்பில் அங்கு சென்றிருந்தவர்களுள் 22 பேர் இறந்தனர்.

சுருக்கம்:

| மக்மா வகை | சிலிக்கா (அண்ணளவாக) | வெப்பநிலை (அண்ணளவாக) | பிசுக்குமை | கக்கும் விதம் |
|---|---|---|---|---|
| பசால்ட்டு | 45–52% | 1000–1200 பாகை செ. | குறைவு | பெரும்பாலும் அமைதியானது |
| அண்டிசைற்று | 52–63% | 800–1000 பாகை செ. | இடைத்தரம் | வெடிப்புடன் கூடியது |
| றையோலைற்று | 68% இற்கு மேல் | 650–800 பாகை செ. | மிக அதிகம் | வாயு அதிகமாயின் மிகக் கடுமையான வெடிப்பு |

வெடிப்பின் பருமனை எரிமலை வெடிப்புச் சுட்டெண்ணால் குறிப்பர். இது 0 முதல் 8 வரையானது. பெரிய வெடிப்புக்களில் ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளியேறும் பொருளின் அளவு ஏறத்தாழ பத்து மடங்காகும். சென் ஹெலன்ஸ் (1980) 5, பினாட்டுபோ (1991) 6, தம்போரா (1815) 7 என அளவிடப்பட்டுள்ளன.

4. அமைவிடத்துக்கும் வெடிப்புக்கும் உள்ள தொடர்பு

பசுபிக் சமுத்திரத்தைச் சூழ்ந்த “தீ வளையத்தில்” சமுத்திரத் தகடு மற்றொரு தகட்டின் கீழ் அமிழ்கின்றது. அமிழும் தகடு தன்னுடன் நீரையும் கொண்டு செல்லும். ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஆழத்தில் அந்நீர் வெளியேறி, மேலேயுள்ள மென்மூடிப் பாறையின் உருகுநிலையைக் குறைக்கின்றது. இவ்வாறு தோன்றும் மக்மாவில் நீர் அதிகம். அது தடித்த புவியோட்டினூடாக மேலெழும்போது சிலிக்காவின் அளவும் கூடும். ஆகவே வாயுவும் பிசுக்குமையும் ஒருங்கே சேர்கின்றன. ஜப்பான், பிலிப்பைன்ஸ், அந்தீஸ் மலைத்தொடர் ஆகிய இடங்களில் கூட்டு எரிமலைகள் நிறைந்திருப்பதற்கு இதுவே காரணம். இந்தோனேசியாவிலும் இதே செயன்முறையே நிகழ்கின்றது. ஆயின் அங்கு சுமாத்திரா, ஜாவா ஆகியவற்றின் கீழ் அமிழ்வது இந்து சமுத்திரப் பக்கத் தகடாகும்.

தகடுகள் விலகும் எல்லைகளிலும் (உ+ம்: ஐஸ்லாந்து) வெப்பப் புள்ளிகளிலும் (உ+ம்: ஹவாய்) மென்மூடியிலிருந்து வரும் பசால்ட்டு மக்மா பெரும்பாலும் அமைதியாக வெளியேறும். ஐஸ்லாந்தில் பனிக்கட்டிக்குக் கீழே கக்கும்போது காரணி 5 சேர்ந்துகொள்ளும். 2010இல் எயாஃபியத்லாயோகுட்ல் எரிமலையின் சாம்பலால் ஐரோப்பாவின் விமானப் போக்குவரத்து நாட்கணக்கில் தடைப்பட்டது.

5. உயிரிழப்பை ஏற்படுத்துபவை

லாவாப் பாய்ச்சல்: வீடுகளையும் பயிர்நிலங்களையும் அழிக்கும். பொதுவாக மெதுவாக நகர்வதால் மனிதர் தப்பலாம். விதிவிலக்கும் உண்டு. கொங்கோ சனநாயகக் குடியரசின் நியிராகொங்கோ கூட்டு எரிமலையாயினும் அதன் லாவாவில் சிலிக்கா மிகக் குறைவு. எனவே லாவா மிக வேகமாக ஓடும். 1977இல் பலர் அதனால் உயிரிழந்தனர். 2002இல் அது கோமா நகரினுள் புகுந்தது.

கொதிசாம்பற் பாய்ச்சல்: சூடான வாயு, சாம்பல், கற்கள் ஆகியவை சேர்ந்து மலைச்சரிவில் நிலத்தோடு ஒட்டிப் பாயும் முகில். பைரோகிளாஸ்டிக் பாய்ச்சல் என்பதும் இதுவே. வெப்பநிலை பல நூறு பாகை. வேகம் மணிக்கு 100 கிலோமீற்றரையும் விஞ்சலாம். ஓடித் தப்ப முடியாது. கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது பொம்பெயி, ஹேர்குலேனியம் நகரங்களிலும், 1902 மே 8ஆம் திகதி பெலே எரிமலையினால் மார்ட்டினிக் தீவின் சென் பியர் நகரிலும் இதுவே மக்களைக் கொன்றது. சென் பியரில் சில நிமிடங்களில் ஏறத்தாழ 28,000 பேர் இறந்தனர்.

சேற்றுப் பாய்ச்சல்: சாம்பலுடன் மழைநீர் அல்லது உருகிய பனிநீர் கலந்து ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே பாயும். இந்தோனேசிய மொழிச் சொல்லால் இதனை லஹார் என்பர். எரிமலைக்கு வெகு தொலைவில் உள்ளோரையும் தாக்கும். வெடிப்பு ஓய்ந்து பல ஆண்டுகளின் பின்னரும் கடும் மழையில் ஏற்படலாம்.

சாம்பல் வீழ்ச்சி: கூரைகளை இடித்து வீழ்த்தும். நனைந்த சாம்பலின் பாரம் மேலும் அதிகம். குடிநீர், பயிர், சுவாசம், விமான இயந்திரம் ஆகியவற்றைப் பாதிக்கும்.

சுனாமி: 1883 ஆகஸ்ட் 27ஆம் திகதி கிரகட்டோவா வெடித்தபோது 36,000 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலானோரைக் கொன்றது சுனாமியே. அதே இடத்தில் தோன்றிய அனக் கிரகட்டோவாவின் ஒரு பக்கம் 2018 டிசம்பரில் சரிந்து ஏற்பட்ட சுனாமியில் 400 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

காலநிலை மாற்றம்: வளிமண்டலத்தின் மேற்படையை அடையும் கந்தகவீரொட்சைட்டு நுண்துளிகளாகிச் சூரிய ஒளியைத் தடுக்கும். தம்போரா வெடித்ததற்கு அடுத்த ஆண்டான 1816, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்கிலும் “கோடையில்லா ஆண்டு” எனப்பட்டது. பயிர்கள் அழிந்து பஞ்சம் ஏற்பட்டது.

6. விடய ஆய்வு: இரண்டு எரிமலைகள், இரண்டு முடிவுகள்

நெவாடோ டெல் ரூயிஸ், கொலம்பியா – 1985 நவம்பர் 13

5,300 மீற்றருக்கும் மேற்பட்ட உயரமுள்ள, உச்சியில் பனி மூடிய கூட்டு எரிமலை. அன்றிரவு 9 மணியளவில் நிகழ்ந்த வெடிப்பின் சுட்டெண் 3 மட்டுமே. ஆனால் கொதிசாம்பல் உச்சிப் பனியின் ஒரு பகுதியை உருக்கியது. அந்நீர் சேறும் பாறையும் சேர்ந்த பாய்ச்சலாகிப் பள்ளத்தாக்குகளில் இறங்கியது. சுமார் இரண்டரை மணித்தியாலங்களின் பின்னர் ஆர்மெரோ நகரை மூடியது.

இரண்டரை மணித்தியாலம் என்பதைக் கவனியுங்கள். அருகிலிருந்த மேட்டுநிலத்துக்கு நடந்தே சென்றிருக்கலாம். அபாய வலயப் படம் ஒரு மாதத்துக்கு முன்னரே வரையப்பட்டிருந்தது. அதில் ஆர்மெரோவும் குறிக்கப்பட்டிருந்தது. 1845இலும் இதேபோன்ற சேற்றுப் பாய்ச்சல் அவ்விடத்தைத் தாக்கியிருந்தது. அச்சேற்றுப் படிவின் மீதே நகரம் அமைந்திருந்தது. அறிவு இருந்தது, உரிய நேரத்தில் வெளியேற்றம் நடைபெறவில்லை.

பினாட்டுபோ, பிலிப்பைன்ஸ் – 1991 ஜூன் 15

இது ரூயிஸைவிடப் பன்மடங்கு பெரிய வெடிப்பு, சுட்டெண் 6. ஏப்ரலில் நீராவி வெளியேறத் தொடங்கியதும் பிலிப்பைன்ஸ், ஐக்கிய அமெரிக்க அறிஞர்கள் நிலநடுக்கமானிகளைப் பொருத்தினர். கந்தகவீரொட்சைட்டின் அளவைக் கணித்தனர். ஐந்து படிகளைக் கொண்ட எச்சரிக்கை முறையை வகுத்தனர். அபாயம் கூடக்கூட வெளியேற்றும் வட்டத்தின் ஆரையை 10 கிலோமீற்றரிலிருந்து படிப்படியாக 40 கிலோமீற்றர் வரை விரித்தனர்.

கொதிசாம்பற் பாய்ச்சல், லஹார் என்பவை எப்படியிருக்கும் என்பதை மக்கள் நம்புவதற்கு ஒரு காணொளி காண்பிக்கப்பட்டது. பிரெஞ்சு எரிமலையியலாளர்களான மொரிஸ் கிராப்ட், கத்தியா கிராப்ட் தம்பதியினர், ஆர்மெரோ போன்ற அழிவு மீண்டும் நிகழக்கூடாது என்பதற்காகத் தயாரித்த காணொளி அது. அவ்விருவரும் 1991 ஜூன் 3ஆம் திகதி ஜப்பானின் உன்சென் எரிமலையில் கொதிசாம்பற் பாய்ச்சலில் அகப்பட்டு இறந்தனர். பன்னிரண்டு நாட்களின் பின்னர் பினாட்டுபோ வெடித்தது. முன்கூட்டிய வெளியேற்றத்தால் குறைந்தது 5,000 உயிர்களாவது காப்பாற்றப்பட்டன என மதிப்பிடப்பட்டுள்ளது.

உயிரிழப்பு முற்றாகத் தவிர்க்கப்படவில்லை. அதே நாளில் சூறாவளி ஒன்றும் கடந்து சென்றதால் மழையில் நனைந்த சாம்பலின் பாரத்தால் கூரைகள் இடிந்து பலர் இறந்தனர். வெளியேறியோர் முகாம்களில் நோயாலும் பலர் இறந்தனர்.

முடிவு: வெடிப்பின் பருமனும் உயிரிழப்பும் எப்போதும் நேர்விகிதத்தில் அமைவதில்லை. அபாயத்தை இயற்கை உண்டாக்குகின்றது. அது அனர்த்தமாவது மக்களின் அமைவிடத்திலும் ஆயத்தத்திலும் தங்கியுள்ளது.

7. இலங்கையும் எரிமலைகளும்

இலங்கை தகட்டின் எல்லையில் அன்றி உட்பகுதியில் அமைந்துள்ளது. எனவே இங்கு உயிர்ப்புள்ள எரிமலை இல்லை. திருகோணமலை கன்னியா வெந்நீரூற்றுக்களை எரிமலையுடன் தொடர்புபடுத்திச் சிலர் எழுதுகின்றனர், அது தவறு. ஆழத்துக்குச் சென்ற நிலத்தடி நீர் புவியின் உள்வெப்பத்தால் சூடாகி வெடிப்புக்களினூடாக மேலே வருவதே அதன் காரணம்.

எனினும் நமக்குத் தொடர்பேயில்லை எனக் கருதலாகாது. 1883இல் கிரகட்டோவாச் சுனாமியின் அலைகள் காலித் துறைமுகத்திலும் உணரப்பட்டன. 2004 டிசம்பர் 26 சுனாமி எரிமலையால் அன்றி, சுமாத்திராவுக்கு அப்பால் தகடு அமிழும் எல்லையில் ஏற்பட்ட புவிநடுக்கத்தால் உண்டானது. இரண்டையும் வேறுபடுத்தி எழுதுங்கள். கடல் திடீரென உள்வாங்கினால் உயரமான இடத்துக்கு விரைய வேண்டும் என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

8. மாணவர்கள் புள்ளி இழக்கும் இடங்கள்

• “கூட்டு எரிமலை உயரமானது, ஆகவே வெடிக்கும்” – தவறு. உயரம் காரணமன்று. தடித்த மக்மாவே செங்குத்தான வடிவத்துக்கும் வெடிப்புக்கும் பொதுவான காரணம்.
• “சிலிக்கா வெடிக்கும்” – தவறு. சிலிக்கா பிசுக்குமையைக் கூட்டி வாயுவைச் சிறைப்படுத்துகின்றது. வெடிப்பது வாயுவின் அமுக்கம்.
• உதாரணம் கேட்டால் எரிமலையின் பெயருடன் நாட்டையும் எழுதுக.

9. மாதிரி வினா

(i) மக்மா, லாவா ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாடு ஒன்றைத் தருக. (2 புள்ளிகள்)

விடை: மக்மா புவியின் உள்ளே வாயுக்கள் கரைந்த நிலையில் காணப்படும், லாவா மேற்பரப்பை அடைந்து வாயுவின் பெரும்பகுதியை இழந்தது.

(ii) கேடய எரிமலையை விடக் கூட்டு எரிமலை கடுமையாக வெடிப்பதற்கான காரணத்தை விளக்குக. (4 புள்ளிகள்)

விடை: கூட்டு எரிமலையின் மக்மாவில் சிலிக்கா அதிகம்; வெப்பநிலை ஒப்பீட்டளவில் குறைவு. இதனால் பிசுக்குமை அதிகமாகும். தகடு அமிழும் வலயத்தில் தோன்றுவதால் நீராவியும் அதிகம். மக்மா மேலெழும்போது அமுக்கம் குறைந்து வாயு விரிவடைகின்றது. ஆனால் தடித்த மக்மாவிலிருந்து தப்ப முடிவதில்லை. அமுக்கம் அதிகரித்து வெடிப்பு நிகழ்கின்றது.

(iii) “சிறிய எரிமலை வெடிப்பும் பேரனர்த்தமாகலாம்.” உதாரணத்துடன் விளக்குக. (4 புள்ளிகள்)

இதற்கான விடையைப் பகுதி 6ஐ மூடிவைத்துவிட்டு நீங்களே எழுதுங்கள். இடம், ஆண்டு, நிகழ்ந்த செயன்முறை, தவிர்த்திருக்கக்கூடிய வழி ஆகிய நான்கும் உங்கள் விடையில் உள்ளனவா எனப் பின்னர் சரிபாருங்கள். ஆர்மெரோவில் அந்த இரண்டரை மணித்தியாலம் எவ்வாறு பயன்பட்டிருக்கலாம் என ஒரு வசனமாவது எழுதுங்கள்.